கட்டை விரல் கட்டணம்

குளிர்காலம் வந்தால் துபாய்க்கு மூன்று தரப்பு விருந்தாளிகள் தவறாமல் வந்து இறங்குவார்கள்: தள்ளுபடி விற்பனைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள், ராஸ் அல் கோர் சதுப்பு நிலத்துக்கு வரும் பூநாரைகள், சென்னையிலிருந்து வரும் பட்டிமன்ற நடுவர்கள். இதில் பூநாரை மட்டும்தான் சால்வை கேட்பதில்லை.

போன குளிருக்கு நடந்த ஒரு பட்டிமன்றத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். ஹோட்டல் அரங்கு. ஒரு நகைக்கடை, ஒரு பாஸ்மதி அரிசி, செங்கல்பட்டுப் பக்கம் மனை விற்கும் கம்பெனி என்று மூன்று ஸ்பான்சர். தலைப்பு: மாணவர்களின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது வகுப்பறையே, இணையவழியே. எங்களுக்கு இடம் கிடைத்தது கடைசி வரிசையில், சமோசா மேசைக்குப் பக்கத்தில்.

இணைய அணியின் தலைவர் மைக்கைப் பிடித்ததும் நேராக மகாபாரதத்துக்குப் போனார். “உலகத்தின் முதல் ஆன்லைன் மாணவன் யார் தெரியுமா? ஏகலைவன்! குரு எங்கேயோ, சீடன் எங்கேயோ. களிமண் பொம்மைதான் ஸ்கிரீன்!” அரங்கம் அதிர்ந்தது. எதிரணி அம்மையார் எழுந்தார். “அந்தப் பொம்மை அவன் தலையைத் தடவிக் கொடுத்ததா, அடிபட்டால் மருந்து போட்டதா?” என்றார். அதற்கும் அதிர்ந்தது. கதையின் கடைசிப் பகுதியை இரண்டு அணியும் தொடவே இல்லை. துரோணர் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. ஃபீஸை மட்டும் கறாராகக் கேட்டு, வலது கைக் கட்டை விரலாக வாங்கிக்கொண்டு போனார். இந்த ஊரில் பள்ளிக் கட்டணம் கட்டும் அப்பனுக்கு அந்தக் கதையில் விளங்குவது அது ஒன்றுதான்.

நடுவர் வழக்கம்போல் இரண்டு அணியையும் பாராட்டினார். வகுப்பறை தாய், இணையம் தந்தை, இரண்டும் மாணவனுக்கு இரு கண்கள் என்று தீர்ப்பளித்தார். நகைக்கடைக்காரர் சால்வை போர்த்தினார். பார்வையாளர் கருத்துக்கு என்று சொல்லியிருந்த ஐந்து நிமிடத்தை அரிசி விளம்பரம் சாப்பிட்டுவிட்டது.

நடுவர் அவர்களே, அந்த இரண்டு கண்களையும் நான் காசு கொடுத்து வாங்கியவன். விலை விவரம் கீழே.

2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, அமீரகம் முழுக்கப் பள்ளிகளை மூடினார்கள். நாலு வாரம் என்றார்கள். 22ஆம் தேதி தொலைவழிக் கல்வி தொடங்கியது. மாதம் முடிவதற்குள், கல்வியாண்டு முடியும்வரை இப்படித்தான் என்று அறிவிப்பு வந்தது. மூடியதில் எனக்குக் குறை இல்லை. கொள்ளை நோய்க்காலம், பிள்ளைகள் பிழைத்தார்கள். என் குறை வேறு.

அதே மார்ச் 26ஆம் தேதி மனிதவள அமைச்சகம் 279ஆம் எண் தீர்மானத்தை வெளியிட்டது. நெருக்கடியில் சிக்கிய தனியார் நிறுவனம் வெளிநாட்டு ஊழியரின் சம்மதத்தோடு அவரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பலாம், சம்பளத்தைக் குறைக்கலாம். சம்மதம்! என் கம்பெனியில் சம்மதத்தை ஒரு எக்செல் ஷீட்டில் வாங்கினார்கள். பெயர், எம்ப்ளாயி நம்பர், புதிய சம்பளம், கையெழுத்து. சம்மதிக்காதவர்களுக்கு இன்னொரு ஷீட் தயாராக இருந்தது. அதில் ஊருக்குப் போகும் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது, விமானமே பறக்காத மாதத்தில். நான் சம்மதித்தேன். மனப்பூர்வமாக.

பள்ளிக் கட்டணத்துக்கு அப்படியொரு சம்மதப் பத்திரத்தை யாரும் நீட்டவில்லை. துபாயில் மூன்று கல்வியாண்டுகளுக்குக் கட்டண உயர்வை நிறுத்தி வைத்தார்கள். சில பள்ளிகள் தள்ளுபடியும் தந்தன. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் ஏறாமல் நிற்பது வேறு, என் சம்பளம் இறங்கிய படிக்கட்டில் கூடவே இறங்கி வருவது வேறு. 2023-24இல் மூன்று சதவீத உயர்வு வந்தது. அடுத்த ஆண்டு 2.6, அதற்கடுத்த ஆண்டு 2.35. இதை அளந்து சொல்ல ‘கல்விச் செலவுக் குறியீட்டு எண்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டீச்சர் சம்பளம், வாடகை, கரண்டு எல்லாம் ஏறுவதைக் கணக்கிட்டுத் தசமப் புள்ளியோடு சொல்லும் எண். கட்டுகிறவன் எவ்வளவு தேய்ந்தான் என்று சொல்ல எண் கிடையாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றே இல்லாத நாட்டில் அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது?

கட்டணம் வேறு பின்தேதியிட்ட செக்காக மொத்தமாகப் போயிருந்தது. 2022 ஜனவரியில் சட்டம் மாறும்வரை, பணமில்லாமல் செக் திரும்பினால் இங்கே போலீஸ் கேஸ். ஆக, 2020இல் என் பிள்ளைகளுக்குப் பள்ளி பூட்டியிருந்தது. பள்ளியிடம் கொடுத்திருந்த செக்குகளுக்கு வங்கி திறந்திருந்தது.

இனி ஆன்லைன் என்ற கண்ணைப் பார்ப்போம். நாங்கள் அப்போது ஷார்ஜாவில் அபு ஷகாராவில் இருந்தோம். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒரு ரூம் எங்களுக்கு, ஒரு ரூம் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துக்கு, ஹாலில் பலகை அடைத்து மூன்று பேச்சிலர்கள். காலை எட்டு மணிக்கு ஒரே வைஃபையை ஏழு பேர் இழுப்போம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, லேப்டாப் ஒன்று, என் போன் ஒன்று. மகள் அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில், மகன் கீழ்த் தட்டில். கேமரா திறந்திருக்க வேண்டும், யூனிஃபார்ம் போட்டிருக்க வேண்டும் என்பது பள்ளி உத்தரவு. மகன் மேலே டையும் கீழே ஜட்டியுமாக இரண்டு கல்வித் திட்டங்களையும் ஒரே உடம்பில் கடைப்பிடித்தான். பி.டி. பீரியட் உண்டு. நாலாவது மாடியில் அவன் குதித்தால் மூன்றாவது மாடி வாட்ச்மேனுக்குப் போன் பண்ணும்.

மகள் முதல் வாரத்திலேயே ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். பின்னணியை மாற்றுவது. எங்கள் கட்டிலும் கொடியில் தொங்கிய ஈரத்துணியும் மறைந்து, அவளுக்குப் பின்னால் ஒரு கடற்கரை வந்து உட்கார்ந்தது. எட்டிப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் கடற்கரையில் இருந்தார்கள், சிலர் விண்வெளியில். தன் வீட்டு அறையிலேயே, தன் மேசை முன்னால், தன் புத்தக அலமாரிக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் நாலைந்து பேர். அவர்கள் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. ஏழை பணக்காரன் தெரியக் கூடாது என்றுதான் காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சீருடை கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு வெப்கேமரா அதைக் காலை எட்டு மணிக்கு அவிழ்த்துப் போட்டது. பதினாலு வயதுப் பெண் தன் வீட்டை மறைக்கக் கற்றுக்கொண்டதைத்தான் ‘டிஜிட்டல் திறன்’ என்று ரிப்போர்ட் கார்டில் ஏ கிரேடு போட்டு அனுப்பினார்கள்.

டீச்சர்மார் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகனின் மிஸ்ஸும் எங்களைப் போல ஷேரிங் வீடுதான். கணவர் விசாவில் இருந்துகொண்டு வேலை பார்ப்பவர். அவருக்கும் சம்பள வெட்டு. ஒருநாள் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் குக்கர் கூவியது. மகன் கையை உயர்த்தி, “மிஸ், மூணு விசில் ஆச்சு” என்றான். அந்த ஆண்டு அவன் பிழையில்லாமல் எண்ணிய கணக்கு அது.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். பற்று என்று ஒன்று இருந்தால் வரவு என்று ஒன்று இருக்க வேண்டும். டீச்சர் சம்பளம் குறைந்தது, பஸ் ஓடவில்லை, ஏ.சி. ஓடவில்லை, கக்கூஸ் கழுவும் ஆளைக்கூட நிறுத்திவிட்டார்கள். கட்டணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசம் எந்தப் பேரேட்டில் ஏறியது? இதை எங்கள் பள்ளியில் மெயில் போட்டுக் கேட்டேன். ‘கல்வி என்பது கட்டடம் அல்ல, அனுபவம்’ என்று பதில் வந்தது. முந்தைய ஆண்டு அட்மிஷன் புத்தகத்தில் இருபது பக்கம் கட்டடத்தின் படமாகவே போட்டிருந்தார்கள்.

சரி, வகுப்பறையே என்று முழங்கிய அணிக்கு வருகிறேன். எந்த வகுப்பறை? ஷார்ஜா பக்கத்து இந்தியப் பள்ளிகளில் காலை ஷிப்ட் பெண்களுக்கு, மத்தியான ஷிப்ட் பையன்களுக்கு என்று ஓட்டினார்களே, அந்த வகுப்பறையா? ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று குடியிருந்து துபாயில் படிக்கும் பிள்ளை, விடியும் முன்னே பஸ்ஸில் ஏறி, அல் இத்திஹாத் ரோட்டில் தூங்கி வழிந்து போய்ச் சேருமே, அந்த வகுப்பறையா? 2022 செப்டம்பரில் கத்தாரில் அல் வக்ராவில் நாலு வயதுக் குழந்தையைப் பள்ளி பஸ்ஸுக்குள்ளேயே மறந்து பூட்டிவிட்டுப் போனார்கள். வளைகுடா வெயிலில் பூட்டிய பஸ். குழந்தை செத்துப்போனது. குருவின் அரவணைப்பு என்று அம்மையார் உருகியபோது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது. வகுப்பறைக்குப் போன பிறகும் பாடம் புரிவதற்கு மாலையில் டியூஷன் வேண்டும். அது சட்ட விரோதமாகவே பல காலம் நடந்து, 2023 டிசம்பரில் அமீரக அரசு தனி டியூஷனுக்கு அனுமதிச் சீட்டு கொண்டுவந்தது. பகலில் நடக்காத கல்வி மாலையில் நடக்கிறது என்று ஓர் அரசாங்கமே ஒத்துக்கொண்டு அத்தாட்சி கொடுத்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

2024 ஏப்ரல் 16இல் கொட்டிய மழையை எல்லோரும் பார்த்தோம். அல் ஐன் பக்கத்தில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர்; 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து இல்லாத மழை. மறுபடி ஆன்லைன். லிஃப்ட் இல்லை, கரண்டு இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். வகுப்புக்கான லிங்க் மட்டும் காலை 7.40க்குத் தவறாமல் வந்தது. யூனிஃபார்ம் கட்டாயம் என்ற நினைவூட்டலோடு.

இந்த ஆன்லைன் திருவிழாவில் சாமி தூக்கியவர்கள் யார் என்றும் பார்த்துவிடலாம். பைஜூஸ் என்ற பெங்களூர்ப் பாடச் செயலிக் கம்பெனியில் 2019இலேயே கத்தார் அரசின் முதலீட்டு நிதியம் பணம் போட்டது. கொள்ளை நோய் வந்ததும் கம்பெனி பலூனாகப் பெருத்தது. 2020இல் முப்பது கோடி டாலருக்கு ஒயிட்ஹேட் ஜூனியரை வாங்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளை கோடிங் படிக்காவிட்டால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்று நம் வீட்டு டி.வி.யில் பயம் காட்டியது அந்தக் கம்பெனிதான். 2022 கத்தார் உலகக் கோப்பைக்குப் பைஜூஸ் அதிகாரப்பூர்வ ஸ்பான்சர். மெஸ்ஸி தூதர். அதற்குச் சில வாரம் முன்னால்தான் 2,500 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்திருந்தார்கள். 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. வழக்குப் போட்டது இந்தியக் கிரிக்கெட் வாரியம், 158 கோடி ரூபாய் ஸ்பான்சர் பாக்கிக்காக. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனி! அந்த உலகக் கோப்பை மைதானங்களைக் கட்டிய நம்மூர்க் கொத்தனார்களின் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அந்தச் செயலியைத் திறக்க ஒரு போன் இருந்தது என்று மெஸ்ஸியிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் ஆன்லைனில் படி, படி என்றவர்கள் பரீட்சை என்று வந்ததும் என்ன செய்தார்கள்? 2020இல் வளைகுடாவிலிருந்த நீட் மாணவர்கள், விமானம் இல்லை, இங்கேயே ஒரு மையம் வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். முடியாது, வந்தே பாரத் விமானத்தில் வந்து எழுதுங்கள் என்றாகிவிட்டது. செப்டம்பர் 13 பரீட்சைக்கு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டிக்கெட் தேடிப் பறந்தார்கள். அடுத்த ஆண்டு குவைத்திலும் துபாயிலும் மையம் முளைத்தது. முந்தின ஆண்டு முடியாதது இந்த ஆண்டு எப்படி முடிந்தது? விளக்கம் எழுதுக, ஐந்து மதிப்பெண்.

2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். தலித் கூலித் தொழிலாளியின் மகள். வீட்டு டி.வி. ரிப்பேர், ஸ்மார்ட்போன் இல்லை. மலப்புரம் என்றால் வீட்டுக்கொருவர் கல்ஃபில் என்று பேரெடுத்த மாவட்டம். திர்ஹமும் ரியாலும் தினாரும் பாய்ந்து மாளிகைகள் எழும்பிய மண். அந்த மாளிகைகளின் நடுவே ஒரு பிள்ளைக்கு ஒரு போன் கிடைக்கவில்லை. வகுப்பறையா, இணையமா என்று அவளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், நடுவர் அவர்களே? அவளுக்கு வகுப்பறையைப் பூட்டினோம், இணையத்தைக் கொடுக்கவில்லை. நீங்கள் சொன்ன தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

தந்தை என்றதும் எங்கள் ஹாலில் இருந்த சாயல்குடி அண்ணனைச் சொல்ல வேண்டும். ஏ.சி. மெக்கானிக். கல்ஃபுக்கு வந்து அப்போதே பத்தொன்பது வருஷம். குடும்ப விசாவுக்கு நாலாயிரம் திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது மூவாயிரமும் வீடும். அண்ணன் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. வகுப்பறை, இணையம் என்று நாங்கள் பேசுகிறோமே, அந்தப் பேச்சு தொடங்குவதே நாலாயிரத்துக்கு மேலேதான். அவர் மகள் சாயல்குடியில் ஏழாம் வகுப்பு; கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளோடு அவர் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு கல்வியாண்டு தேறாது. தொலைவழிக் கல்வியை ஏதோ 2020இல் கண்டுபிடித்ததாகப் பேசுகிறார்கள். கேசட்டில் குரலைப் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய காலத்திலிருந்து இந்த ஊரில் தொலைவழித் தகப்பன்கள் லட்சக்கணக்கில் உண்டு.

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றால் எழுதலாம் என்று அர்த்தம். கால் போகாது. அப்போதெல்லாம் உரிமம் வாங்கிய செயலிக்குச் சந்தா கட்டித்தான் முகம் பார்க்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஆணையம், கல்விக்காகவும் வேலைக்காகவும் ஜூம், டீம்ஸ் போன்றவற்றைத் திறந்துவிட்டது. அத்தனை வருஷம் பூட்டியிருந்த கதவு அது. ஒரே அறிவிப்பில் திறந்தது. வாட்ஸ்அப் கால் திறக்கவில்லை. டீச்சர் முகத்தைப் பிள்ளை பார்ப்பது கல்வி. பிள்ளை முகத்தை அப்பன் பார்ப்பது வியாபாரம்.

ஏப்ரலில் ஒருநாள் அண்ணன் எங்கள் கதவைத் தட்டினார். என் மகளைக் கூப்பிட்டு, “பாப்பா, எனக்கும் ஒரு கிளாஸ் போட்டுக் குடேன்” என்றார். அவள் ஜூமில் ஒரு கூட்டம் போட்டு, ‘மேத்ஸ் கிளாஸ்’ என்று பேர் வைத்து, சாயல்குடிக்கு லிங்க் அனுப்பினாள். அண்ணன் தலை சீவி, சட்டை மாற்றி, கைலியோடு வந்து என் லேப்டாப் முன்னால் சம்மணம் போட்டார். அந்தப் பக்கம் மகள், மனைவி, ஓரத்தில் அம்மா. “சாப்டியா? சத்தமாப் பேசும்மா. என்ன படிச்சே, அத வாசி, கேப்போம்.” அவள் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை வாசித்தாள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். இலவச ஜூம் நடுவில் வெட்டிவிட்டது. “மறுபடி அமுக்குங்க மாமா” என்றாள் என் மகள். டச்பேடில் அவர் விரலுக்கு எதுவும் நகரவில்லை. கம்ப்ரசரிலும் கண்டன்சர் தகட்டிலும் பத்தொன்பது வருஷம் உரசி, கட்டை விரலில் ரேகையே கிடையாது; கம்பெனி அட்டெண்டன்ஸ் மெஷின்கூட அவரை ஏற்பதில்லை. மகள்தான் அமுக்கிக் கொடுத்தாள்.

அந்த ஏப்ரல் முழுக்க எங்கள் வீட்டில் உருப்படியாக நடந்த ஆன்லைன் வகுப்பு அது ஒன்றுதான். கட்டணம் கிடையாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். 2020இல் ஓடாத பள்ளி பஸ்ஸுக்கு நாங்கள் கட்டியிருந்த மூன்று மாதப் பணத்தை அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதாகப் பள்ளி எழுதித் தந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மகள் இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.